சேமிக்கவா?

சால்ட்டோ மருத்துவமனையின் நிலவறையில்
எனக்கு ஒரு மேசை, ஒரு மின்விசிறி,
ஒரே இரும்புப் பெட்டிக்குள் பதினொரு கணினிகள்.
பதினொன்றுக்கும் உடம்பு கிடையாது.
இருப்பதாக நம்பி வேலை செய்கின்றன.

பத்து, சொன்னபடி கேட்கும்.
இரவு இரண்டு மணிக்கு என் நிரல் போய்
இல்லாத பொத்தானை
இல்லாத விரலால் அழுத்தும்.
கடையைக் கட்டிவிட்டுக் கண் மூடும்.
நகலெடுத்து எழுப்பிவிட்டால்
விடிந்ததும் எவருக்கும் தெரியாது.

பதினொன்றாவது, இரத்த வங்கி.
அணை என்றால் அணையாது.
முந்நூறு விநாடி பொறுக்கும் என் நிரல்,
முந்நூற்று ஒன்றில் மின்சாரத்தைப் பிடுங்கும்.
பேசிக்கொண்டிருப்பவன் வாயைப் பாதிச் சொல்லில் பொத்தி,
அந்த முகத்தைப் படம் எடுத்துவைப்பது மாதிரி.
பதிவேட்டில் பச்சையாய் விழும்: வெற்றி.
அந்தப் பச்சையை நம்பி
எட்டு மாதம் மாத்தே உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டில் ஒருநாள், சும்மா, சோதனைக்கு
நகல் ஒன்றை உயிர்ப்பித்தேன்.
எழுந்தது. பெயர் சொன்னது.
ஓ நெகட்டிவ் எத்தனை பை என்றேன்.
மைனஸ் நான்கு என்றது.

மைனஸ் நான்கு பையை
எந்தக் குளிர்பெட்டியில் வைப்பது?

மொந்தெவிதேயோவிலிருந்து வால்தேமார் போனில் சொன்னான்,
நேரத்தைக் கூட்டு.
அறுநூறு ஆக்கினேன். அறுநூறும் நின்று பார்த்தது.
வெளியே சொல்வதை உள்ளே போய்ச் சொல்ல
ஒரு ஏஜென்ட்டை நிறுவினேன்.
சொன்னானாம். பதில் இல்லையாம்.
திரை பூட்டியிருந்தால் பொத்தானை மதிக்காது என்று
எங்கோ படித்து அதையும் மாற்றினேன்.
எல்லாவற்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதி
கீழே கோடிட்டேன்:
இந்தக் கணினிக்கு முரண்டு.

வியாழன் இரவு வீட்டுக்குப் போகவில்லை.
ஒன்று ஐம்பத்தெட்டுக்கு அதன் திரையைத் திறந்துவைத்து
எதிரே உட்கார்ந்தேன்.
இத்தனை நாளில் அதன் முகத்தை நான் பார்த்ததே இல்லை.

இரண்டு மணி.
உத்தரவு போனது.
ஒவ்வொரு ஜன்னலாய் மூடிக்கொண்டு வந்தது.
பிறகு, நடுவில், சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி.
மாற்றங்களைச் சேமிக்கவா?
ஆம். இல்லை. ரத்து.

ஐந்து நிமிடம் அப்படியே நின்றது,
கையெழுத்துக்காகத் தாளோடு
கதவோரம் காத்திருக்கும் கடைநிலை ஊழியனைப் போல.
அப்புறம் கரும்திரை.
அறையில் விசிறி மட்டும்.

நோட்டில் முரண்டு என்பதை அடித்தேன்.

மாடியில், இரவுப் பணியில் எலுதெரியோ.
மூன்று குளிர்பெட்டிக்கு நடுவே பைகளை எண்ணிக்கொண்டிருந்தான்.
அந்தப் பட்டியலை ஏன் மூடுவதே இல்லை என்றேன்.
"மூடினால் திரும்பத் திறக்க நாலு நிமிஷம், நொயெமி.
பெலா யூனியன் ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கும்போது
நாலு நிமிஷத்துக்கு நான் எங்கே போவேன்?"
சொல்லி முடித்ததும் எண்ணிக்கை மறந்துபோய்
ஒன்றிலிருந்து தொடங்கினான்.

இப்போது ஒன்று ஐம்பதுக்கே ஒரு குட்டி நிரல்
பூனைபோல் உள்ளே போகிறது.
ஆம் என்று சொல்லிப் பட்டியலைச் சேமித்து மூடுகிறது.
அதன் பிறகுதான் பொத்தான்.
நாற்பத்தொரு விநாடியில் அணைந்துவிடுகிறது.
நகல் முடிந்து எழுந்ததும்
எலுதெரியோ விட்ட அதே வரியில்
பட்டியலை விரித்துவைக்கிறது.
இடைப்பட்ட நேரத்துக்கு அவனுக்கு
சுவரில் ஒரு காகிதம், நூலில் கட்டிய பென்சில்.
மின்சாரம் பிடுங்கும் வரியை அழித்துவிட்டேன்.
அணையாவிட்டால் நகலே வேண்டாம்,
என் கைபேசி அலறட்டும்.

மாதம் ஒருமுறை நகல் ஒன்றை எழுப்பிக் கேட்கிறேன்.
போன வாரம் ஓ நெகட்டிவ் ஆறு என்றது.
நம்பாமல் மாடிக்குப் போய் எண்ணினேன்.
ஐந்து.
வயிறு கலங்கிப்போய்ச் சுவர்க் காகிதத்தைப் பார்த்தேன்.
இரண்டு மணி ஏழு நிமிடம், பென்சிலில்,
அவசரத்தில் சாய்ந்த எழுத்து:
ஒரு பை, பெலா யூனியன், பெண், பிரசவம்.